கூர் தந்த கல்

தனுஷ்கோடி முனையிலிருந்து கிழக்கே நோக்கினால், கடலுக்கு அப்பால் இலங்கை. அரபு நூலோர் அதனை ஸரந்தீப் என்றனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தீ, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் எஃகைத் தனி வகையாகக் குறிப்பிடுகிறார். அத்தீவின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றின் விசையால் எரிந்த பண்டைய இரும்பு உலைகளை ஆய்வாளர்கள் கண்டறிந்து 1996இல் உலகுக்கு அறிவித்தனர்.

எஃகைப் போற்றிய வரலாறு, அதற்குக் கூர் தந்த கல்லைப் பற்றி அதிகம் பேசவில்லை. குருந்தக்கல்லைப் பொடித்து அரக்குடன் சேர்த்துச் சாணை செய்வது இந்நாட்டின் பழைய தொழில். வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள அக்கனிமத்தைக் கொரண்டம் என உலகம் வழங்குவதும் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லின் வழியேதான்.

வளைந்த அலகைத் தீட்டுவது தனிக் கலை. தட்டையான கல்லில் வளைவின் சிறு பகுதியே ஒரு நேரத்தில் படியும். எனவே நுனியை நெருங்குந்தோறும் பிடியை மெல்ல உயர்த்தி, விளிம்பின் சாய்வு மாறாமல் காக்க வேண்டும். ஜப்பானியரின் நீர்க்கல்லிலும் இதுவே முறை. நீரோடு கலந்து சேறாகும் கல்துகளே அங்கு அலகைத் தேய்த்து மெருகேற்றுகிறது.

இக்கலையை நாம் கைவினை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அறுக்கும்போது கத்தியை நன்கு தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை, ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. குர்பானிக் கத்தியின் நுனி வளைவு மழுங்கியிருந்தால் வேதனை அந்த வாயில்லாப் பிராணிக்கே. அதைத் தீட்டி வைப்பது நம் கடமையைச் சார்ந்ததாகும்.