சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. பால்மரம் வெட்டும் தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால் இறங்கி நிற்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் இல்லை, தோட்ட அலுவலகக் கிராணி வந்தாலும் இறங்க வேண்டும். அந்தக் கிராணிகளில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள்.

1941-இல் தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் வைத்த கோரிக்கைகளில் இந்தச் சைக்கிள் விவகாரமும் ஒன்று. சீனத் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதே கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, நோயாளிக்கு முறையான மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சொந்தபந்தங்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. பெண்களிடம் வாலாட்டும் துரைமார்களும் 'கறுப்புத் துரை' எனப்பட்ட கிராணிகளும் அடங்க வேண்டும். சங்கம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும். கூலி உயர்வை மட்டும் கேட்டிருந்தால் இதை ஒரு தொழிற்சங்கத் தகராறு என்று தள்ளிவிடலாம். கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் பெண்களின் பாதுகாப்பும் ஒரே தாளில் வந்த பிறகு அப்படித் தள்ள முடியாது.

நம் நாட்டில் சமூகத் தொண்டின் கதையைச் சொல்பவர்கள் அன்னதானத்தில் தொடங்கி ஆதரவற்றோர் இல்லத்தில் முடிப்பது வழக்கம். அந்தத் தொண்டுக்கு இத்தொடரில் தனி இடம் உண்டு. ஆனால் கேட்டு வாங்கியவர்களின் கதையை எழுத கிள்ளானுக்குத்தான் வர வேண்டும்.

கேட்பதற்கு ஓர் அமைப்பு 1936-இலேயே உருவாகியிருந்தது, மலாயாவின் மத்திய இந்தியர் சங்கம். வழக்கறிஞர்களும் வணிகர்களும் நிறைந்த அந்தச் சங்கம் மனு எழுதியது, டில்லிக்குத் தந்தி அடித்தது. அது வீண்போகவில்லை. கூலிக் குறைப்புத் தகராறு முற்றியதும், 1938 ஜூனில், உதவிப் பயணத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதையே இந்திய அரசு நிறுத்தியது. இருந்தாலும் தோட்டத்து லயத்துக்குள் நடந்து போனவர்கள் அந்தச் சங்கத்தில் குறைவு.

நடந்து போனவர் ஆர்.எச்.நாதன். கோலாலம்பூரில் 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணை ஆசிரியர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்தது. போர்க்காலம் அது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. வேலை நின்றால் முதலாளிக்கு வலிக்கும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. 1941-இன் தொடக்கத்தில் நடந்த வேலைநிறுத்தங்களில் கூலி ஓரளவு உயர்ந்தது. மே 5-ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவ, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஏழு மாதம்கூட ஆகவில்லை, ஜப்பானியர் வந்து இறங்கினார்கள்.

அந்த ஜப்பானியர் காலத்தில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் ஒருவர்தான் இந்தக் கதையின் இரண்டாமவர், ஈப்போவில் பிறந்த ராசம்மா. பதினாறு வயதில் துப்பாக்கி தூக்கி, பர்மா வரை போய்த் திரும்பியவர். போருக்குப் பின் படித்து ஆசிரியரானார். ராசம்மா பூபாலன் என்ற பெயரில் 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவரானார். ஒரே தகுதி, ஒரே வகுப்பறை, ஆனால் பெண் என்றால் சம்பளம் குறைவு என்ற வழக்கத்தை அந்தச் சங்கம் எதிர்த்தது. அரசுப் பணியில் சம ஊதியம் கிடைக்க அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி கழிந்தது.

1963-இல் பெண்கள் அமைப்புகளின் தேசிய மன்றத்தை உருவாக்கியவர்களிலும் அவர் இருந்தார். திருமணச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அந்த மன்றம் விடாமல் வலியுறுத்தியது. இன்றைய தலைமுறைக்கு இது புரியாது. அன்று இந்து முறைத் திருமணத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. கணவன் இன்னொருத்திக்குத் தாலி கட்டினால் முதல் மனைவி எதைக் காட்டி வழக்காடுவாள்? 1976-இல் நிறைவேறிய சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணமும் பதிவும் அதிலிருந்துதான் கட்டாயம். ஆறு ஆண்டுத் தாமதத்தில் எத்தனை குடும்பங்கள் தவித்திருக்கும் என்பதற்குக் கணக்கு ஏது!

மூன்றாமவர் ஐரின் பெர்னாண்டஸ். இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, கெடா தோட்டத்தில் வளர்ந்தவர். 1991-இல் கோலாலம்பூரில் 'தெனாகானித்தா' அமைப்பைத் தொடங்கினார். அதற்குள் தோட்டத்திலும் கட்டுமானத்திலும் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் வந்துவிட்டார்கள். கேட்க வேண்டியவை மாறவில்லை, கூலி, மருத்துவம், அடிபடாமல் இருக்கும் உரிமை. வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடைத்துவைத்த தடுப்பு முகாமில் இருந்து வந்த 300-க்கும் மேற்பட்டோரிடம் பேசி, உள்ளே அடி, பட்டினி, நோய், மரணம் என்று நடந்ததை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். 1996-இல் கைதானார். பொய்ச் செய்தி பரப்பினார் என்பது குற்றச்சாட்டு.

வழக்கு ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்தது. 2003-இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, 2005-இல், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் சுவீடன் விருது அவருக்குக் கிடைத்தது. 2008 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2014 மார்ச் 31-ஆம் தேதி அவர் காலமானார். அவர் தொடங்கிய அமைப்பு இன்றும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் புகார்களை எடுத்து நடத்துகிறது.

(தொடரும்)