பெயர் எழுதப்படாத நம் மனிதர்கள்



ஜார்ஜ் டவுன் சுல்தான் அஹமட் ஷா சாலை வழியாகப் போகிறவர்கள் கெம்போஜா மரங்கள் சூழ்ந்த பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1786-ல் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட் 1794-ல் இறந்து அங்கேதான் அடக்கமானார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் பெயரை நம்மால் படிக்க முடிகிறது. காரணம், அவருக்கு ஒரு கல் இருக்கிறது. அந்தக் கல்லில் எழுத ஆள் இருந்தார்கள்.

இறந்தவரை நினைவில் வைத்திருப்பது பாசத்தால் மட்டும் நடப்பதா? வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. அதற்கு எழுதி வைக்க ஒரு கையும் வேண்டும்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய மறுமலர்ச்சியின் தாய்வீடு அது. 1348-ல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே பிணங்களைக் குழிகளில் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார்கள். பெயர் தெரியாமல் போவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அந்த நகரம் கண்ணால் கண்டது. அடுத்த நூற்றாண்டில், 1444-ல் இறந்த அறிஞர் லியோனார்டோ புரூனிக்குச் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் பளிங்குக் கல்லறை எழுப்பினார்கள். அவர் எழுதிய நூல் மார்பின் மேல் இருக்க, உறங்குவதுபோல் அவரைச் செதுக்கினார்கள்.

பளிங்கு பெரிய மனிதர்களுக்குத்தான். சாதாரண மக்களுக்கு என்ன செய்தார்கள்? தெருவுக்குத் தெரு பக்தி சங்கங்கள் இருந்தன. இறந்துபோன உறுப்பினருக்காக மற்றவர்கள் கூடி ஜெபித்தார்கள். இன்னொன்றும் இருந்தது. நகரின் உணவு தானிய அலுவலகம் 1385 முதலே 'இறந்தோர் புத்தகம்' என்று ஒன்றை எழுதி வந்தது. யார் இறந்தார், எந்தத் தேவாலயத்தில் அடக்கமானார் என்ற விவரங்கள் அதில் ஏறின. கம்பளித் தொழிலாளிக்கும் அதில் ஒரு வரி கிடைத்தது.

இனி நம் கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிச் சிலரைக் கூட்டிப் போனார்கள். சிலரைப் பிடித்தே கொண்டு போனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். பசி, மலேரியா, அடி, எல்லாவற்றுக்கும் மேலாக 1943 மழைக்காலத்துக் காலரா.

இந்தப் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் உழைத்தார்கள். 12,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒன்று பட்டியலிலிருந்து வந்தது. மற்றது வெறும் மதிப்பீடு.

காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 வீரர்களின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் பெயர்களைப் பலகையில் பொறித்திருக்கிறார்கள். இது எப்படி முடிந்தது? முகாம்களில் இருந்த அதிகாரிகள், இறந்தவர் பெயரையும் புதைத்த இடத்தையும் குறித்து, ஜப்பானியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு போய்க் கல்லறைகளைத் தேடினார்கள்.

நம்மவர்களுக்கு அப்படி எழுத யார் இருந்தார்கள்? தோட்டத்தில் தினமும் விடியற்காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். வேலைக்கு வந்தானா, வரவில்லையா என்று செக்ரோலில் குறித்தார்கள். உழைக்கும்வரை பெயர் இருந்தது. செத்த பிறகு அதை எழுத ஆள் இல்லை. புளோரன்சில் கம்பளித் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த ஒரு வரி, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் பால்மரத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

காஞ்சனபுரியில் 1990-ல்கூட ஒரு கரும்புத் தோட்டத்தில் மனித எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. எந்த எலும்பு யாருடையது? சொல்ல ஆள் இல்லை.

நம் எழுத்தாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தத் துயரைப் பதிவு செய்தன. கல் வைக்காத இடத்தில் கதை வைத்தார்கள். போரில் விழுந்தவனுக்குப் பெயர் பொறித்து நடுகல் நட்ட மரபு நம்முடையது. 2023-ல் காஞ்சனபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியல் எங்கே?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் படையல் போடும்போது என் பாட்டி ஓர் இலை அதிகமாகப் போடுவார். "அது சயாமுக்குப் போன எங்க அண்ணனுக்கு" என்பார். இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் தனியாகத் திதி கிடையாது. பாட்டி காலமான பிறகு, இந்தப் பேச்சுக்காகக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாட்டி அவரை 'அண்ணன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயர் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியவில்லை.

மைக் பிடித்து ஊரார் கதையெல்லாம் கேட்கிறவள் நான். என் வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர் யார், பெயர் என்ன, எந்தத் தோட்டம், தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நான்கு வரி போதும்.

எங்கள் வீட்டில் அந்த இலையை இன்னமும் போடுகிறோம். கூப்பிடத்தான் பெயர் இல்லை.