ஒப்புவிக்கப்படாத கணக்கு

புதுவைக் கடற்கரைச் சாலையில் நிற்கும் நகராட்சிக் கட்டடத்தை ஊரார் ‘மேரி’ என்றே அழைப்பர். வெளியூரிலிருந்து வருவோர் அது அன்னை மரியாளின் பெயர் தாங்கிய இல்லமோ என ஐயுறுவதுண்டு. உண்மையில் அது நகர்மன்ற மனையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். நகர்மன்றத் தலைவரை ‘மேர்’ என்றழைத்த காலத்தின் எச்சம். 1870-71 இல் எழுப்பப்பட்ட அக்கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்துவைக்கப்பட்டது. தூண்கள் மீண்டன, மாடங்கள் மீண்டன. ஆனால் இடிந்த நாளிலும் சரி, திறந்த நாளிலும் சரி, அதில் அமர்வதற்கு மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் என ஒன்று இருக்கவில்லை.

இதனை ஒரு தற்செயல் நிகழ்வென நாம் கடந்து செல்லலாகாது. புதுவை மக்களின் நாள்தோறுமான முறையீடுகள் அனைத்திற்கும் இந்த வெற்றிருக்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. போட்ட சாலையை மறு மாதமே தோண்டுவதேன்? தூர் வாரியதாகச் சொல்லப்பட்ட வாய்க்கால் முதல் மழையிலேயே வீட்டு வாயிலுக்கு வருவதேன்? காமராஜர் சாலையையும் மறைமலையடிகள் சாலையையும் இணைக்க உப்பனாற்றின்மேல் தொடங்கப்பட்ட பாலம் ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நின்றதேன்? பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டம் பற்றி அதில் கடை வைத்திருப்போர் கலக்கமுற்றதேன்? கேள்விகள் தேநீர்க் கடையிலும் திருப்பலி முடிந்த பின் கோவில் வளாகத்திலும் எழுகின்றன. ஆனால் அவற்றைக் கேட்பதற்கென அமைந்த அவையில் மட்டும் எழுவதில்லை. ஏனெனில் அவ்வவையே இல்லை.

‘எல்லாரும் கள்வர்’ என்று பெருமூச்சுவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆயினும் அது நோயைக் கண்டறிவதாகாது. நேர்மையற்றோர் எவ்வூரிலும் உண்டு. பொதுப் பணத்தைச் செலவிட்டவர் அதன் கணக்கை யாரிடம், எந்த நாளில், எந்த மன்றத்தில் ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி. புதுவையின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்ப்போம்.

பொதுப் பணத்தைப் பற்றிய உரிமை புதுவைக்கு அந்நியமான கருத்தன்று. 1789 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மனித உரிமைச் சாற்றுரை, வரியின் தேவையை அறியவும் அது செலவாகும் வகையைப் பின்தொடரவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று தன் 14 ஆம் பிரிவில் அறிவித்தது. பொது ஊழியர் எவரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்திற்கு உண்டு என்பது அதன் 15 ஆம் பிரிவு. அக்கொள்கையைப் பறைசாற்றிய நாட்டின் கொடிதான் இக்கடற்கரையில் பறந்தது. ஆனால் கொள்கை கப்பலேறி வந்தபோது பாதி வழியில் மெலிந்துபோயிற்று.

1880 மார்ச் 12 அன்று வெளியான ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் நகராட்சிகள் தோன்றின. முதலில் 10 ஆக இருந்த கொம்யூன்கள் 1907 இல் 17 ஆகப் பிரிக்கப்பட்டன. பிறப்பும் இறப்பும் திருமணமும் மேரியின் பதிவேட்டில் எழுதப்பட்டன. அந்நாளைய பிரிட்டிஷ் இந்தியாவில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கனவாயிருக்க, புதுவையில் வயதுவந்த ஆண்கள் வாக்களித்தனர். இதனைப் பெருமையுடன் குறிப்பிடுவோர் உளர். பெருமை பொய்யன்று, முழுமையும் அன்று.

ஏனெனில் அவ்வாக்குகள் சமமாக எண்ணப்படவில்லை. 1884 இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியரும் அவர் வழிவந்தோரும் ஒன்று, தம் சாதி, சமய வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற ‘துறந்தோர்’ இரண்டு, ஏனைய இந்தியர் அனைவரும் மூன்று. மிகச் சிலரான முதற்பட்டியலாரின் குரலும் மாபெரும் எண்ணிக்கையினரான மூன்றாம் பட்டியலாரின் குரலும் தராசில் ஈடாக வைக்கப்பட்டன. துறந்தோருள் பெரும்பகுதியினர் கிறிஸ்தவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். 1881 செப்டம்பர் 21 ஆம் நாளின் ஆணை திறந்துவிட்ட அவ்வழியைப் பொன்னுத்தம்பிப் பிள்ளை போன்றோர் சமத்துவத்தின் வாயில் எனக் கண்டனர். அவ்வாயிலின் வழியே நுழைந்தோர் வந்தடைந்ததோ மற்றுமொரு தனிப்பட்டியலை. 1899 இல் பட்டியல்கள் இரண்டாகச் சுருங்கின. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில்தான் அவை அடியோடு மறைந்தன.

வாக்கு சமமாக எண்ணப்படாத ஊரில் அது நேர்மையாக எண்ணப்படுதலும் அரிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடு சண்முக வேலாயுத முதலியார் பிரெஞ்சிந்திய அரசியலைத் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்தார். ஆளுநர்களும் அவர் முகம் பார்த்தனர். தேர்தல் நாள் என்றாலே தடியும் சாராயமும் ஊர்க்குள் நடமாடும் நாள் என்றாயிற்று. 1914 இல் நடந்த பிரதிநிதித் தேர்தலில் பால் ரிஷார் என்பவருக்கு விழுந்த வாக்குகள் வேறொருவர் பெயரில் வாசிக்கப்பட்டதை, அப்போது புதுவையில் வாழ்ந்த அரவிந்தர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். மன்றம் இருந்தது, அதன் கதவு மட்டும் சிலர் கையில் இருந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தை ஒரு வரியில் சுருக்கச் சொன்னால் நாம் இப்படித்தான் சுருக்குவோம்.

இத்தனை குறைகளும் கொண்ட அந்நகர்மன்றங்களிடம்தான் வரலாறு தன் மிகப்பெரிய கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது. பிரெஞ்சுப் பகுதிகள் எவருடன் சேர்வது என்பதை மக்கள் வாக்கெடுப்பால் முடிவுசெய்யலாம் என்றும், அதன் நாளையும் முறையையும் நகர்மன்றங்களே வகுக்கலாம் என்றும் 1948 இல் இந்தியாவும் பிரான்சும் இணங்கின. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதுவார் குபேர் முதலியோரின் சோஷலிஸ்டுக் கட்சி வென்றது. வன்முறை, முறைகேடு என்ற குற்றச்சாட்டுகளும் உடன் எழுந்தன. பின்னர் காற்றுத் திசை மாறிற்று. 1954 மார்ச்சில் கொம்யூன்களின் மேர்களே வாக்கெடுப்பின்றி இந்தியாவுடன் இணைய வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றினர். குபேரும் அணி மாறினார். அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூர்ச் சிற்றூரில் பிரதிநிதித்துவ சபையினரும் நகர்மன்ற உறுப்பினருமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியான மாற்றமும் நிறைவுற்றது.

நண்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். புதுவை இந்தியாவுடன் இணைந்தது வாளால் அன்று, வாக்கால். அவ்வாக்கை அளித்தோருள் பெருந்தொகையினர் வாய்க்காலும் விளக்கும் வரியும் பற்றிப் பேசுவதற்கென ஊரார் அனுப்பிவைத்த நகர்மன்ற உறுப்பினர்கள். கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மலர் தூவி வணங்குகிறோம். ஆனால் அங்கே கைச்சாத்திட்டோர் அமர்ந்திருந்த இருக்கைகளை நாம் என்ன செய்தோம்?

1968 இல், 1880 ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையின் கீழேயே, நகராட்சித் தேர்தல் நடந்தது. 1973 இல் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் நம் சட்டமன்றமே புதுச் சட்டங்கள் இயற்றியது. சட்டம் வந்தது, தேர்தல் வரவில்லை. மன்றங்களின் அதிகாரம் ஆணையர்களிடம் சென்றது. 1992 இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74 ஆம் அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சியின் ஆயுள் 5 ஆண்டு என்றும், அது முடியுமுன் அடுத்த தேர்தல் முடிக்கப்பட வேண்டும் என்றும் ஐயத்திற்கிடமின்றி விதித்தது. அதன் பின்னும் 13 ஆண்டுகள் கழிந்தன. நீதிமன்றத்தின் தலையீட்டால் 2006 இல் தேர்தல் நடந்தது. இரு தேர்தல்களுக்கிடையே 38 ஆண்டுகள்! 1968 இல் முதன்முறை வாக்களித்த இளைஞர் அடுத்த முறை வாக்களிக்கையில் பேரப்பிள்ளைகளின் கைபிடித்து வந்திருப்பார்.

2006 இல் அமைந்த மன்றங்களின் காலம் 2011 இல் முடிந்தது. மீண்டும் அதே மௌனம். தேர்தல் நடத்தும்படி 2018 இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. 2021 இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, வார்டு ஒதுக்கீட்டுக் குளறுபடிகளாலும் இடஒதுக்கீட்டு வழக்குகளாலும் நின்றுபோயிற்று. ஒரு கட்சியை மட்டும் சுட்டிக் குற்றஞ்சாட்ட இயலாது. இந்நெடுங்காலத்தில் பல கட்சிகள் மாறி மாறி ஆண்டன. மன்றத்தை வெறுமையாக வைப்பதில் மட்டும் அவற்றிடையே வேற்றுமை காணப்படவில்லை.

காரணம் என்ன? எளியதொரு கணக்கு இதற்கு விடை தருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுவை ஒன்றியப் பகுதியின் மக்கள் 12,47,953 பேர். தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்ற உறுப்பினர் 30 பேர். சராசரியாக ஏறத்தாழ 41,600 பேருக்கு ஓர் உறுப்பினர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 3 இலட்சம் பேருக்கு ஒருவர். இத்துணைச் சிறிய தொகுதியில் சட்டமன்ற உறுப்பினரே தெருவிளக்குக்கும் பொறுப்பாளர், குடிநீர்க் குழாய்க்கும் பொறுப்பாளர், சாக்கடைக்கும் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார். நகர்மன்ற உறுப்பினர் என ஒருவர் வந்தால் இச்செல்வாக்கைப் பங்கிட நேரும். ஆகவே அவர் வராதிருப்பதே நலம் என்ற எண்ணம் சொல்லப்படாமலே நிலைத்துவிடுகிறது.

இதனால் விளையும் கேடு நுட்பமானது. நகர்மன்றம் கட்டும் வாய்க்கால் ஊரின் வரவு செலவில் ஒரு வரி. அதன் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி எவருக்கு, நீளம் எத்தனை மீட்டர் என எதிர்வரிசையில் அமர்ந்தவர் கேட்டே தீருவார். சட்டமன்ற உறுப்பினர் வாங்கித் தந்த வாய்க்காலோ ஓர் உபகாரம். உபகாரத்திற்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை, நன்றியே சொல்வர். உரிமை சலுகையாக மாறும் இடத்தில் குடிமகன் இரவலனாகிறான். இதுவே புதுவையின் மனக்குறைக்கு வேர் என்பது நம் துணிபு.

இதற்கு மேல் மற்றொன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவையும் நடுவண் அரசு அனுப்பும் துணைநிலை ஆளுநரும் அதிகாரம் பற்றிப் பிணங்கும் காலங்களில், 2016 முதல் 2021 வரை நாம் கண்டதுபோல, ஒவ்வொரு தாமதத்திற்கும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவர். இருவருக்குமிடையே வாய்க்கால் மட்டும் நிரம்பி வழியும்.

மன்றம் அமைந்துவிட்டால் எல்லாம் சீராகிவிடும் என்று நாம் கூற வரவில்லை. மேற்கண்ட வரலாறே அதற்கு மறுசான்று. பட்டியல் பிரித்த மன்றமும் உண்டு. வாக்கு மாற்றிய மன்றமும் உண்டு. 2006 இல் அமைந்த மன்றங்களுக்கும் பணமும் பணியாளரும் அதிகாரமும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. மன்றம் வேண்டும், அதன் கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் மக்களும் வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பயன் தராது.

இராஜஸ்தானத்து ஏழை உழவரும் கூலித்தொழிலாளரும் இதை நமக்குக் கற்பித்தனர். அங்கே உழவர் தொழிலாளர் சக்தி அமைப்பு 1994 முதல் சிற்றூர்களில் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடும் செலவுச் சீட்டும் ஊர் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரே கேட்டது. 1996 இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அமர்ந்து அவர்கள் நடத்திய அறப்போராட்டம் 2005 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்டது. எழுத்தறியாதவர் பலர் நிறைந்த ஊர்கள் அவை. கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. அது தம் பணம் என்ற உணர்வே போதுமானதாயிற்று.

அச்சட்டம் புதுவைக்கும் உண்டு. தன் வரவு செலவுத் திட்டத்தையும் செலவு விவரங்களையும் எவரும் கேளாமலே வெளியிட வேண்டுமென அதன் 4 ஆம் பிரிவு ஒவ்வோர் அரசு அலுவலகத்தையும் பணிக்கிறது. வெளியிடாதபோது எழுதிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தந்தாக வேண்டும். நம் தெருவில் போட்ட சாலையின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தின் படியையும் கேட்டுப் பெற்று, நாலு பேர் கூடி, நாடாவைப் பிடித்து அளந்து பார்ப்பது கலகமன்று. பள்ளிக்கூடத்திற்கும் கோவிலுக்கும் நிதி திரட்டினால் வரவு செலவைப் பலகையில் ஒட்டச் சொல்லும் நாம், நகரின் பணத்திற்கு மட்டும் ஏன் விதிவிலக்கு அளிக்க வேண்டும்? அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் எவரிடமும், எக்கட்சியாராயினும், இரண்டே வினாக்களை நாம் எழுப்பலாம். நகர்மன்றத் தேர்தலை எப்போது நடத்துவீர்? அம்மன்றத்திற்கு எந்தெந்த அதிகாரத்தைக் கைவிட்டுக் கொடுப்பீர்? முதல் வினாவிற்கு எவரும் எளிதாக விடை சொல்வர். இரண்டாம் வினாவிற்கு அவர் தரும் விடையே அவரை அளக்கும் கோல்.

பொறுப்பில் வைக்கப்பட்டவர் ஒருநாள் தலைவன் முன் நின்று கணக்கு ஒப்புவித்தாக வேண்டும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பாடம். மக்களாட்சியில் அத்தலைவன் மக்களே. மேரியைப் பழைய எழிலோடு கட்டியெழுப்பிவிட்டோம். அதன் மன்றக் கூடத்தில் நகரின் கணக்கு உரக்க வாசிக்கப்படும் நாளில்தான் கீழூரில் வாக்களித்த அந்த 178 பேரின் பணி நிறைவுறும்.