தோல் விலையும் குரோம்பேட்டையும்

பல்லாவரத்துக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் நடுவில் இருக்கும் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது ஒரு தோல் ஆலை. ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912-ல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி. இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தோலை குரோமிய உப்பில் பதனிடும் முறை சென்னைக்கு ஏன் வந்தது என்று தேடிப்போனால், கதை ஒரு கிணற்றடியில் போய் நிற்கிறது.

பம்புசெட் வராத காலம். மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் கிணற்றுப் பாசனம் நடந்தது. தண்ணீர் மொண்டு வரும் சாலுக்குத் தோல் வேண்டும். நாள் முழுதும் நனைந்து உராயும் அந்தத் தோல் சீக்கிரம் கிழியும். மறுபடி மாற்ற வேண்டும். ஊரில் செத்த மாட்டின் தோலை, தோல் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சாலும் செருப்பும் தைத்துத் தருவது வழக்கம். காசு அதிகம் கைமாறாது. அந்த ஏற்பாடு சாதிக் கட்டுக்குள் நடந்தது என்பதால் அதை நினைத்து இன்று ஏங்க ஒன்றுமில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதே தோலுக்குக் கடல் கடந்து வாங்க ஆள் வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாட்டுத்தோல் லண்டனில் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று பெயர் வாங்கியது. ஜெர்மன் வியாபாரிகள் பச்சைத்தோலாகவே அள்ளினார்கள். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு, பிலடெல்பியா ஆலைகள் ஆட்டுத்தோலையும் பதனிடாமலே கேட்டன. அங்கே பேசிய விலைதான் இங்கே சந்தை விலை. சாலுக்கான தோலும் கூடவே ஏறியது. பூட்சே போடாத விவசாயி, வெளிநாட்டான் பூட்சுக்குக் கொடுத்த விலையைக் கிணற்றடியில் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1903-ல் சென்னையில் குரோம் பதனிடும் சோதனையைத் தொடங்கியதற்கு இந்தச் சால் ஒரு முக்கியக் காரணம். குரோம் தோல் தண்ணீரில் நெடுநாள் தாங்கும். விலை அதிகமானாலும் அடிக்கடி மாற்ற வேண்டாம். சோதனை பலித்தது. பலித்ததே வினையாயிற்று. அரசே ஆலை நடத்தித் தனியாருக்குப் போட்டியாக வருவதா என்று ஐரோப்பிய வணிகர்கள் முணுமுணுத்தார்கள். லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபுவும் 1910-ல் அந்தப் பக்கமே சாய்ந்தார். அரசு ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. 1912-ல் பல்லாவரத்துக்கு அருகே சேம்பர்ஸின் தனியார் குரோம் ஆலை எழுந்தது.

1914-ல் போர் மூண்டதும் ஜெர்மன் வியாபாரிகள் ஒரே நாளில் எதிரிகளானார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோல் வேண்டும். 1916 முதல் சென்னைக் கிப்ஸை அரசே விலை கட்டி வாங்கியது. அரிசி விலையில் தலையிடுவதற்கு மட்டும் அதே அரசு தயங்கியது. கப்பல் பற்றாக்குறையால் துணியும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் எல்லா விலையும் ஏற, 1918 செப்டம்பரில் சென்னையில் அரிசிக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. ராணுவத்துக்கு விலை கட்டத் தெரிந்தவர்கள் ஜனங்களுக்கும் கட்டியிருக்கலாம்.

போர் முடிந்ததும், 1919-ல், பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது. பேரரசுக்குள்ளே பதனிடப் போகும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 1923-ல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. விடுதலைக்குப் பிறகு இந்திய அரசு இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், 1973-ல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கே தடை. அரைப்பதனிட்ட தோலுக்கு அளவு வரம்பு. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் வெளியே போகட்டும் என்பது கணக்கு. ஆலைக்குத் தோல் மலிவாகக் கிடைக்கும். தோல் சேகரித்து விற்கிறவருக்கு விலை குறையும். இந்த இரண்டாமவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

தாம்பரத்துக்கு உலகச் சந்தை வேறு உருவிலும் வந்தது. 1984-ல் சானடோரியத்தில் சென்னை ஏற்றுமதி வளாகம், நம்மவர் சொல்லும் 'மெப்ஸ்', திறந்தது. சுங்க வரியில்லாமல் மூலப்பொருள் உள்ளே வரும், செய்த பொருள் வெளிநாடு போகும். அங்கே வேலை முடிந்து வருகிறவர்கள் மளிகைக் கடையில் சந்திப்பதும் வெளிநாட்டு விலைதான். 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் தட்டுப்பட்டிருந்த நேரம். கடைகளில் எண்ணெய் விலை எகிறியது. ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாயாகவே இருந்தது. உலகச் சந்தையின் ஏற்றத்தை மாநில அரசு தன் மானியத்தில் தாங்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டு இந்தியாவின் முறை. உள்நாட்டு விலையை அடக்க, 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. அமெரிக்காவில் இந்தியர்கள் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கிக் குவித்தார்கள். 1973-ல் தோலுக்குச் செய்ததையே இப்போது அரிசிக்குச் செய்தார்கள்: வாங்குகிறவரைக் காக்க, விளைவித்தவர் கையிலிருந்து எடுத்தார்கள். 1973-ன் தோல் வரம்புகள் நீடித்ததுபோல இது நீடிக்கவில்லை. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது.