கம்பலை முதல் இரங்கல் வரை

தமிழில் பேரொலியைச் சுட்டும் சொற்களுக்கு முறையாகப் பொருள் வகுத்த பழைய நூல் தொல்காப்பியமாகும். அதன் சொல்லதிகாரத்தில் அமைந்த உரியியல், பொருள் வெளிப்படையாக விளங்கும் சொற்களை விடுத்து, விளங்காத உரிச்சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கும் 'அரவம்' என்னும் பொருளுடையன என்று கூறுகிறது. அரியதை எளியதால் விளக்குவதே இந்நெறி. ஆதலால், அந்நூல் எழுந்த காலத்தில் அனைவருக்கும் விளங்கிய சொல் அரவமே என்று கொள்ளலாம்.

கம்பலை என்பது பலர் கூடிய இடத்தில், எவர் குரல் எது என்று பிரித்தறிய இயலாதவாறு எழும் கலவையொலியாகும். மாங்குடி மருதனார் இயற்றிய 782 அடி கொண்ட மதுரைக்காஞ்சி, பகற்கடையாகிய நாளங்காடியின் ஒலியையும் இரவுக்கடையாகிய அல்லங்காடியின் ஒலியையும் இச்சொல்லாலேயே குறிப்பதுடன், பின்னதைப் பல்வகைப் பறவைகளின் ஒலி ஒருங்கே எழுவதற்கு ஒப்பிடுகிறது.

இன்று கம்பலை பேச்சில் இல்லை. அதன் இடத்தைச் சந்தடியும் இரைச்சலும் பிடித்துக்கொண்டன. அதற்கு விளக்கமாக நின்ற அரவமோ 'ஆளரவமற்ற தெரு', 'அரவமில்லாமல் வந்தான்' என்னும் தொடர்களில் மெல்லிய காலடியோசையாகச் சுருங்கிவிட்டது. வடமொழிச் 'சப்தம்' என்பதன் திரிபாகிய சத்தம், ஊசி விழுவது முதல் இடி விழுவது வரை எல்லாவற்றுக்கும் பொதுவாகி, 'சத்தம் போட்டார்' என்னும்போது கடிந்து பேசுவதையும் குறிக்கிறது.

ஒலிச்சொல் துயரச்சொல்லாக மாறும் போக்கும் பழமையானதே. அழுங்கல் ஆரவாரத்தை மட்டுமன்றி இரக்கத்தையும் கேட்டையும் உணர்த்தும் என்று தொல்காப்பியமே குறிப்பிடுகிறது. அவ்வாறே, துவைத்தல், சிலைத்தல், இயம்பல் ஆகியவற்றோடு ஒலிப்பொருளில் வைத்து எண்ணப்பட்ட இரங்கல், கழிந்துபோனதை எண்ணி வருந்துவதற்கும் உரியதாயிற்று. முரசும் கடலும் முழங்குவதைக் குறிக்கப் பழம்புலவர் ஆண்ட இச்சொல் இன்றைய வழக்கில் ஒலிப்பொருளை முற்றிலும் இழந்து, துயரப்பொருளை மட்டும் போற்றிக்கொண்டது. அதனால்தான், முழக்கத்தின் பெயரைத் தாங்கிய இரங்கல் கூட்டத்தில் இன்று அனைவரும் எழுந்து நின்று மௌனம் காக்கின்றனர்.