பேசாத இருவரும் ஒரு திரைக்கதை நூலும்

தமிழர், திரைப்படத்தைக் கண்ணால் கண்டதோடு அமையாமல் ஏட்டிலும் படித்து வந்தவர்கள். கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’ போன்ற படங்களின் வசனங்களும் நூலாகி வீடுகளிற் புகுந்தன. பாட்டும் பேச்சும் நாவினால் திருப்பிச் சொல்லத் தக்கவை. ஆதலின் அவை அச்சேறியதில் வியப்பில்லை.

ஆனால், பேசாத பாத்திரங்களை அச்சில் ஏற்றுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது ‘அக்ரஹாரத்தில் கழுதை’ என்னும் திரைக்கதை நூல். இதனை எழுதியவர் காலஞ்சென்ற விமரிசகர் வெங்கட் சாமிநாதன் (1933–2015). ஹிராகுட்டிலும் பின்னர் டில்லியிலும் பல்லாண்டு பணிபுரிந்த அவர், நம்மைப் போலவே ஊரை விட்டு வந்து வாழ்ந்த தமிழர். கேரளத்தவரான ஜான் ஆபிரகாம் 1977-இல் இதனைப் படமாக்கினார்.

தாயை இழந்த கழுதைக் குட்டியொன்றைப் பேராசிரியர் நாராயணஸ்வாமி எடுத்து வளர்க்கிறார். நகரத்தில் ஏளனம் மிகவே, அதனைத் தம் கிராமத்து அக்கிரகாரத்தில் கொண்டு விடுகிறார். அங்கு அதனைப் பேணுபவள் உமா என்னும் வாய் பேசாத பெண். ஊரில் நேரும் தீங்குகளுக்கெல்லாம் கழுதையே காரணம் எனப் பழி சுமத்தி, ஊரார் அதனைக் கொல்கின்றனர். பின்னர் அதற்கே தெய்வத்தன்மை கற்பிக்கின்றனர்.

வசனப் புத்தகமாயின், கழுதைக்கும் உமாவுக்கும் அதில் ஒரு வரியும் இராது. பழி சொன்னோர் பேச்சே ஏடு முழுவதும் நிறைந்திருக்கும். திரைக்கதையிலோ பார்வையும் நடையும் மௌனமும் எழுத்தில் வருகின்றன. பேச இயலாதார் பக்கமும் அதனால் பதிவாகிறது. காட்சியை வாசகர் தம் மனத்தில் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும்; ஆகவே, கூட்டத்தில் ஒருவராய் நின்று வேடிக்கை பார்த்தல் அவருக்கு அரிது.

படம், சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்றது. எனினும் 1989-இல் அதனைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் ஏற்பாடு கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. இத்தகைய படத்தைத் திரையில் காண வாய்ப்பில்லாதார்க்கு அச்சுப் பக்கமே அரங்கு ஆகிறது.

நாடகத்தை முத்தமிழில் ஒன்றாக வைத்த நாம், திரைக்கதையையும் படித்தற்குரிய நூலாகக் கொள்ளுதல் தகும். வளர்ந்த பிள்ளைகளுடன் கூடியிருந்து இதனைப் படித்துப் பாருங்கள். “இந்த இடத்தில் உமா என்ன நினைத்திருப்பாள்?” என்று அவர்களுள் ஒருவர் கேட்பாராயின், அதுவே அந்நூலைப் படித்த பயன்.