வியர்வை, உராய்வு, தோல்

விளாத்திகுளத்திலிருந்து வேம்பாருக்குச் செல்லும் சாலையில் விடியற்காலை நடந்து பாருங்கள். காவலர் தேர்வுக்காகவோ இராணுவ ஆள்சேர்ப்புக்காகவோ பயிற்சி செய்யும் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஓர் அடி ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஏழு நிமிடத்தில் ஒரு தொடை மற்றொன்றை 1500 முறை உரசுகிறது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஓடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வெட்கத்தினால் அவர்கள் பிறரிடம் சொல்வதில்லை. அந்த வெட்கம் எவ்வளவு தொல்லையைத் தரும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

உராய்வைப் பற்றிப் பள்ளியில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1699ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் வகுத்த விதி அது. உராய்வு விசை அழுத்தும் எடைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. 1785இல் கூலும் அதை மேலும் ஆராய்ந்தார். மரத்துக்கும் இரும்புக்கும் இவ்விதி நன்றாகவே பொருந்தும். மனிதத் தோலோ இவ்விதிக்கு முழுதும் அடங்குவதில்லை. ஏனெனில் தோல் மென்மையானது, நனைந்தால் இளகுவது. இளகிய தோலின் மேடு பள்ளங்கள் அமுங்கி, உண்மையாகத் தொடும் பரப்பு பெருகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பரப்பு வேறு, உண்மையில் தொடும் பரப்பு வேறு என்ற இந்தக் கருத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடனும் டேபரும் 1950இல் வெளியிட்ட தங்கள் நூலில் விரிவாக விளக்கினார்கள்.

1955இல் நெய்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தோலின் உராய்வை நேரடியாக அளந்தார். உலர்ந்த தோலைவிட ஈரமான தோலில் உராய்வு கூடுதல். எண்ணெய்ப்பசை தடவினால் அது குறைகிறது. "தண்ணீர் பட்டால் வழுக்கும்" என்று நாம் பொதுவாக நினைப்பதற்கு இது மாறானது அல்லவா? தண்ணீர் நிறைய ஓடினால்தான் வழுக்கும். கசியும் வியர்வை பிடித்துக்கொள்ளும். ஈர விரலால் தாளைப் புரட்டுவது எளிதாக இருப்பதும் இதனால்தான்.

வியர்வையில் உப்பும் உண்டு. நம் தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் காயவிட்டால் உப்பு படிகிறது. உங்கள் தோலும் ஒரு சிறு உப்பளமே! கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். வியர்வையில் அது சில கிராம்தான். ஆளுக்கு ஆள் மாறும். ஆயினும் வியர்வை உலர்ந்தபின் எஞ்சும் உப்புப் பொடி, மீண்டும் மீண்டும் உரசும் இடத்தில் மணல்தாள்போல் வேலை செய்கிறது. பாதி ஓட்டத்தில் நின்று, உலர்ந்து, மறுபடி ஓடுகிறவர்களுக்கு எரிச்சல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, ஒரு மனிதரை அறிமுகம் செய்கிறேன். மேரியன் சல்ஸ்பெர்கர் என்பவர் அமெரிக்கத் தோல் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்குச் சென்ற படைவீரர்களை வேர்க்குரு வாட்டியது. அதைப் பற்றிய இவருடைய ஆய்வு 1946இல் வெளிவந்தது. வியர்வை நாளம் தோலின் மேலடுக்கில் அடைபட்டு, வியர்வை உள்ளேயே கசிவதுதான் வேர்க்குரு. 1966இல் இவரும் உடனாளர்களும் தோலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தனர். தடித்த தோலுள்ள உள்ளங்கை, உள்ளங்கால்களில் கொப்புளம் எழுந்தது. மெல்லிய தோலிலோ கொப்புளம் எழாமல் தோல் உரிந்து புண்ணானது. ஒரே ஓட்டத்தில் பாதத்தில் நீர்க்கொப்புளமும் தொடையில் சிவந்த புண்ணும் வருவதன் மர்மம் இதுவே.

வேர்க்குருவைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் வெப்பத்தைக் குற்றம் சாட்டுகிறது. நம் முன்னோர் வேர்வையால் வரும் குரு என்று காரணத்தையே பெயராக வைத்தார்கள். 1978இல் ஹோல்ஸ்லே, கிளிக்மன் என்ற இருவர் தோலைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, அடைப்பில் தோலிலுள்ள பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு என்று காட்டினார்கள். நம் பக்கத்தில் நுங்கைத் தேய்ப்பது வழக்கம். அது தரும் குளிர்ச்சி உண்மை. ஆனால் காற்றோட்டமும் தளர்ந்த பருத்தியாடையும் இல்லாமல் நுங்கு மட்டும் என்ன செய்யும்?

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். தொடை உரசலுக்குப் பசையுள்ள பொருள் நல்லது. வேர்க்குருவுக்கு அதே பசை கெடுதல். நாளங்களை இன்னும் அடைக்கும். இரண்டையும் "எரிச்சல்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் மருந்து மாறிவிடுகிறது. 1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கச் சென்ற ராபர்ட் செஸ்ப்ரோ, இறைப்பான் கம்பிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் காயங்களில் தடவுவதைக் கண்டார். அதைச் சுத்தம் செய்து 1872இல் காப்புரிமை பெற்றார். அதுவே வாசலின். நெடுந்தொலைவு ஓடுகிறவர்கள் இன்றும் ஓட்டத்துக்கு முன் தொடையிடுக்கிலும் அக்குளிலும் தடவுவது இதைத்தான். பவுடர் உலர்ந்த தோலில் வழுக்கும். வியர்வையில் கட்டிகட்டியாகித் தானே உறுத்தும். டால்க் பவுடரின் பாதுகாப்பு பற்றிய வழக்குகளுக்குப் பிறகு, ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் 2023இல் தன் குழந்தைப் பவுடரில் டால்க்கை உலகெங்கும் நிறுத்தியது தனிக் கதை.

சல்ஸ்பெர்கரிடம் திரும்புவோம். 1952இல் இவரும் விட்டன் என்பவரும், ஹைட்ரோகார்டிசோனைக் களிம்பாகத் தடவினால் சில தோல் நோய்கள் அடங்குவதைக் காட்டினார்கள். தோல் மருத்துவத்தில் அது ஒரு திருப்பம். அரிப்பு மாயம்போல் அடங்கியது. ஆனால் ஸ்டீராய்டு அழற்சியைத்தான் அடக்குகிறது; பூஞ்சையைக் கொல்வதில்லை. தோலின் எதிர்ப்பைக் குறைத்து, பூஞ்சை பரவ வழிவிடுகிறது. ஈரமான தொடையிடுக்கோ பூஞ்சைக்குச் சொந்த வீடு. நம் நாட்டு மருந்துக்கடைகளில் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் சீட்டில்லாமல் தாராளமாக விற்றன. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது. 2020இல், வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 'டிரைகோபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரில் நம் நாடும் இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆகவே ஓடும் நண்பர்களே, தொடையோடு ஒட்டிய, நீளமான டிரவுசர் அணியுங்கள். ஓடியதும் ஈர உடையைக் களைந்து, உப்பைத் தண்ணீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் உரிந்திருந்தால் வாசலின் தடவி இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்துங்கள். உரசல் புண் ஓய்வு கொடுத்தால் ஆறும். ஓரம் தடித்து, வட்டமாகப் பரவி, ஓய்விலும் அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சீழோ காய்ச்சலோ வந்தால் அன்றே போங்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவன், நன்றாக ஓடக்கூடியவன், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கேட்டதற்குக் கால்வலி என்றான். மூன்றாம் முறை கேட்டபோதுதான் சட்டைப்பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினான். சீட்டில்லாமல் வாங்கியது. முதல் வாரம் அரிப்பு நின்றதாம். பிறகு இடுப்புவரை பரவிவிட்டதாம். அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை ஏழு வாரம் சாப்பிட்டான். குணமாகிவிட்டது, ஆனால் தேர்வு நாள் அதற்குள் போய்விட்டிருந்தது.